கட்சுவோபுஷி: செதில் அல்ல, சீவல்

ஜப்பானின் கியூஷு தீவின் தென்கோடியில், ரயில் பாதை முடிகிற இடத்தில் இருக்கிறது மகுராசாக்கி என்ற மீன்பிடி ஊர். மீனைப் புகையூட்டிக் கட்டைபோலக் காயவைத்து, மெல்லியதாகச் சீவிச் சமையலில் சேர்க்கும் கட்சுவோபுஷியை நாட்டிலேயே மிக அதிகமாகச் செய்வது இந்த ஊர்தான். ஜப்பானியச் சமையல் குறிப்புகளைத் தமிழில் எழுதுவோர் பலர் இதை ‘மீன் செதில்’ என்று எழுதிவிடுகிறார்கள். மீனைக் கழுவும்போது சுரண்டி எறிவதுதான் நமக்குச் செதில். அதையா சோற்றின்மேல் தூவுவார்கள்?

கட்சுவோ என்பது சூரை மீன்களில் ஒரு வகை. வயிற்றில் நீளவாட்டில் கருங்கோடுகள் ஓடும். ‘கெட்டி மீன்’ என்று பொருள்படும் பழைய கூட்டுச்சொல் திரிந்து இப்பெயர் வந்தது என்பது பரவலான விளக்கம். அதை எழுதும் சித்திர எழுத்திலும் மீனும் கெட்டியும் சேர்ந்தே நிற்கின்றன. புஷி என்பது தனியே நின்றால் ‘ஃபுஷி’. புணரும்போது ஒலி மாறுகிறது. மூங்கில் கணு, மரக்கணு, உடல் மூட்டு எல்லாவற்றுக்கும் அதுவே சொல். காய்ந்த துண்டு மரக்கணுபோல் இறுகியிருப்பதால் இப்பெயர் என்பார்கள் சிலர். புகையூட்டுதலைக் குறிக்கும் ‘இபுஷி’ தேய்ந்ததே புஷி என்பது இன்னொரு கருத்து. செய்முறையைப் பார்த்தால் இரண்டுமே பொருந்துகின்றன.

மீனை நீளவாட்டில் அறுத்து, வேகவைத்து, முள்ளை எடுத்து, விறகுப் புகையில் மீண்டும் மீண்டும் காயவிடுகிறார்கள். உப்பு சேர்ப்பதில்லை. உயர்ந்த ரகத்துக்கு இதற்குப் பிறகும் வேலை உண்டு: மேலே நல்ல பூஞ்சணம் படரவிட்டு, வெயிலில் உலர்த்தி, மறுபடி படரவிடுவார்கள். மிச்சமிருக்கும் ஈரத்தைப் பூஞ்சணம் உறிஞ்சிக்கொள்ளும். இப்படி மாதக்கணக்கில் பக்குவப்பட்ட இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினால் காய்ந்த கட்டைபோல ‘டக்’கென்று கணீர் ஒலி எழும். கத்திக்கு மசியாது. இழைப்புளி பதித்த பெட்டியின்மேல் வைத்துத் தேய்த்தால், தச்சுப் பட்டறையில் விழும் இழைப்புச் சுருள்போல, இளஞ்சிவப்பாய், ஒளி ஊடுருவும் மென்மையில் சுருண்டு விழும். சூடான சோற்றில் தூவினால் ஆவி பட்டு உயிருள்ளதுபோல் நெளியும். 1913இல் கொடாமா ஷின்தாரோ என்ற வேதியியலாளர் இதன் சுவைக்குக் காரணம் இனோசினிக் அமிலம் என்று கண்டறிந்தார்.

சரி, தமிழில் என்ன சொல்வது? புதுச்சொல் ஆக்க வேண்டிய தேவையே இல்லை. தூத்துக்குடி, காயல்பட்டினம், இலங்கை வீடுகளில் சம்பலுக்கு இடிக்கும் மாசி இதே சூரையை வேகவைத்து, புகையூட்டி, காயவைத்ததுதான். மாலத்தீவிலிருந்து வந்த பண்டம் அது. அங்கே ‘மாஸ்’ என்றால் மீன். 14ஆம் நூற்றாண்டில் அத்தீவுகளில் தங்கிய மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, மீனை நான்காக அறுத்து, வேகவைத்து, புகையில் உலர்த்தி, இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஏமனுக்கும் அனுப்பியதை எழுதியிருக்கிறார். நம் மாசியில் உப்பு உண்டு, பூஞ்சணம் இல்லை. நாம் இடிக்கிறோம், அவர்கள் சீவுகிறார்கள். வேறுபாடு அவ்வளவுதான்.

ஆகவே கட்டையாக இருப்பதை ஜப்பானிய மாசி என்றும், சீவியதை மாசிச் சீவல் என்றும் எழுதலாம். வெற்றிலையோடு பாக்குச் சீவல் போடுகிறவர்களுக்குச் சீவல் என்றதும் கண்முன் வரும் வடிவம் மிகச் சரியானது. பூஞ்சணம் படரவிட்டதைத் தனித்துச் சொல்ல வேண்டுமானால் பூஞ்சண மாசி. சீவலை வெந்நீரில் சிறிது நேரம் ஊறவைத்து வடித்தெடுக்கும் ‘தாஷி’யை மாசிச் சாறு என்றால் போதும்.

ஒரு சோதனை செய்து பார்த்தேன். ஆபத்தான காவலைக் குறிக்க ஜப்பானியர் சொல்லும் பழமொழி ‘பூனைக்குக் கட்சுவோபுஷி’. ‘பூனைக்கு முன்னால் மீன் செதிலை வைத்தாற்போல’ என்றால் எந்தப் பூனையும் திரும்பிப் பார்க்காது. ‘பூனைக்கு முன்னால் மாசியை வைத்தாற்போல’ என்றால் காயல்பட்டினத்துப் பாட்டிக்கும் உடனே புரியும்.