தலையாட்டினால் இரட்சிப்பா? வார்டுக்கு ஊழியம் செய்ய வருகிறவர்களுக்கு

இந்த மாதமும் ஒரு கேஸ். சின்ன வயதிலிருந்தே இன்சுலின் போட்டுக்கொண்டிருக்கிற பையன், காலேஜ் முதல் வருடம். ஏதோ ஒரு ஜெபக்கூட்டத்தில் "விசுவாசம் இருந்தால் ஊசி எதற்கு" என்று சொல்லியிருக்கிறார்கள், இவனும் நிறுத்திவிட்டான், இரண்டாம் நாள் ராத்திரி மூச்சு வாங்க வாங்க ஐ.சி.யு.வுக்குக் கொண்டுவந்தார்கள். பிழைத்துக்கொண்டான். அவன் வீட்டில் யாரும் கிறிஸ்தவர்கள் இல்லை. காலரும் வேதாகமமுமாக நான் உள்ளே போனதைப் பார்த்ததும் அவன் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் சாப்ளின், அதாவது ஆஸ்பத்திரிப் போதகர். சுவிசேஷம் சொல்லக் கூடாது என்பதற்காக இதை எழுதவில்லை, அதைச் சொல்லத்தான் எனக்குச் சம்பளமே தருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் நேரத்தில் கைப்பிரதிக் கட்டோடும் எண்ணெய்ப் பாட்டிலோடும் கட்டில் கட்டிலாகப் போகிற தம்பி தங்கைகளுக்கும், அவர்களை அனுப்பிவைக்கிற போதகர்களுக்கும்தான் இது.

மருந்து விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், இதில் விவாதமே கிடையாது. இன்சுலின், வலிப்பு மாத்திரை, காசநோய் மாத்திரை, மனநல மருந்து, எதையும் நிறுத்தச் சொல்ல உங்களுக்கும் எனக்கும் அதிகாரம் இல்லை. "நான் நிறுத்தச் சொல்லவில்லையே ஐயா, சாட்சிதான் சொன்னேன்" என்பார்கள். அடுத்த கட்டிலில் இருக்கிறவர் காதில் அந்தச் சாட்சி எப்படி விழும் என்று யோசிக்க வேண்டாமா? எசேக்கியா ராஜாவுக்கு ஆயுசில் 15 வருடம் கூட்டித் தருகிறேன் என்று ஆண்டவரே சொல்லி அனுப்பிய பிறகும், அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து பிளவையின் மேல் வைத்துக் கட்டச் சொன்னவர் ஏசாயா தீர்க்கதரிசி. பவுலோடு கூடவே இருந்த லூக்கா வைத்தியர். போதும், இதற்கு மேல் நான் சொல்லப்போவதில்லை.

எனக்கு உண்மையிலேயே எரிச்சல் வருவது வேறொரு இடத்தில். சாயங்காலம் ஆனால் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வரும். "இன்று பெண்கள் வார்டில் இத்தனை பேர் ஆண்டவரை ஏற்றுக்கொண்டார்கள், தேவனுக்கே மகிமை." கூடவே கட்டிலில் கண்ணை மூடிக் கைகூப்பியிருக்கும் ஒரு பாட்டியின் போட்டோ. அந்தப் பாட்டி எதையும் ஏற்றுக்கொள்ளவில்லை. நீங்கள் "ஜெபம் பண்ணட்டுமா அம்மா" என்று கேட்டீர்கள், வீட்டுக்கு வந்தவரை வேண்டாம் என்று சொல்லிப் பழக்கமில்லாத மனுஷி, சரி என்றார். நீங்கள் கண்ணை மூடியதும் அவரும் மூடினார். "இயேசுவே என் உள்ளத்தில் வாரும்" என்று சொல்லச் சொன்னீர்கள், சொன்னார். உடம்பு சரியில்லாதபோது யார் எந்தச் சாமி பேரைச் சொல்லி நல்ல வார்த்தை சொன்னாலும் வாங்கி வைத்துக்கொள்வது நம் ஊரில் காலம் காலமாக இருக்கிற பண்பு. ஆகஸ்ட் 29 அன்று வேளாங்கண்ணியில் கொடி ஏறும்போது நிற்கிற கூட்டத்தில் எத்தனை மதத்துக்காரர்கள் என்று போய்ப் பாருங்கள். மொட்டை போடுகிறார்கள், மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள், நேர்த்திக்கடனை முடித்துவிட்டு நாகூர் தர்காவுக்குப் போய்விட்டு ஊர் திரும்பி மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள். செவ்வாய்க்கிழமையானால் அந்தோணியார் கோயிலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற அம்மாக்களில் பாதிப் பேர் நெற்றியில் விபூதி இருக்கும். அது அவர்கள் பக்தி. அதற்கு மரியாதை உண்டு. ஆனால் அது மதம் மாறுவதும் இல்லை, நீங்கள் சொல்கிற இரட்சிப்பும் இல்லை. "எல்லாச் சாமியும் ஒண்ணுதான் ஐயா" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னால், இந்தப் பேச்சை இத்தோடு விட்டுவிடுங்கள் என்று நாகரிகமாகச் சொல்கிறார் என்று அர்த்தம். இது புரிய இறையியல் கல்லூரிக்குப் போக வேண்டாம், நாலு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாலே போதும்.

இப்படிக் கணக்கு எழுதுவதால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கிறவர்களுக்காக அடுத்து நடப்பதையும் சொல்கிறேன். அந்தப் போட்டோ எப்படியோ சுற்றி பாட்டியின் மகன் போனுக்கே போய்ச் சேர்கிறது. அவர் வந்து வார்டு சிஸ்டரிடம் சத்தம் போடுகிறார், டிஸ்சார்ஜ் கேட்கிறார், பாதி சிகிச்சையில் பாட்டியைக் கூட்டிக்கொண்டு போகிறார். உண்மையிலேயே ஏதோ கேட்கவேண்டும் என்று ஆசைப்பட்டு என்னிடம் மெல்லப் பேச ஆரம்பித்திருந்த எதிர்க் கட்டில் அம்மா, அதைப் பார்த்துவிட்டு அடுத்த நாள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நோயாளியின் முகம் வெளியே போகக் கூடாது என்பது ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்குகிறவர் உட்பட எல்லோருக்கும் முதல் நாளே சொல்லித்தருகிற பாடம், ஊழியக்காரருக்கு மட்டும் அதில் விலக்கு யார் கொடுத்தது?

வேதத்தை எடுத்துப் பாருங்கள். வியாதியாயிருக்கிறவன் சபை மூப்பர்களை வரவழைக்கட்டும் என்றுதான் யாக்கோபு எழுதுகிறார். கூப்பிடுகிறவர் நோயாளி. 38 வருடம் படுத்துக் கிடந்தவனிடம் இயேசு, குணமாக விருப்பமா என்று கேட்கிறார். கண் தெரியாத பர்திமேயுவிடம், நான் உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார். கண் தெரியாதவனுக்கு என்ன வேண்டும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் கேட்கிறார், பதில் வரும்வரை நிற்கிறார். பிறவிக் குருடனைப் பார்த்ததும் "யார் செய்த பாவம்" என்று ஆரம்பித்தது சீஷர்கள்தான், அதற்கு அவர்களுக்குக் கிடைத்த பதிலும் உங்களுக்குத் தெரியும். அப்புறமும் புற்றுநோய் வார்டில் போய் "உங்கள் விக்கிரகங்களால் வந்தது" என்று ஒருவர் பேசியதை என் காதால் கேட்டேன். தைரியமாம். படுத்திருக்கிறவர் எழுந்து போக முடியாது, கையில் டிரிப்ஸ் ஏறுகிறது, அவரிடம் பேச என்ன தைரியம் வேண்டியிருக்கிறது? பவுல் அத்தேனே பட்டணத்தில் பேசியதில் அவர்கள் கவிஞர்களின் வரிகளைத்தான் எடுத்துச் சொன்னார். எபேசுவில் கலவரம் வந்தபோது, இந்த மனுஷர் நம்முடைய தேவியைத் தூஷிக்கவில்லை என்று அந்தப் பட்டணத்து அதிகாரியே கூட்டத்தின் முன்னால் சாட்சி சொன்னார். நம்மைப் பற்றி அப்படிச் சொல்ல இன்று ஒரு தாசில்தார் முன்வருவாரா?

எதிரே இருப்பவர் யார் என்று தெரியாமல் எல்லோரிடமும் ஒரே பிரசங்கத்தை ஒப்பிக்கிறார்களே, அதையும் சொல்ல வேண்டும். ஒரு முஸ்லிம் அம்மாவிடம் "உங்களுக்கு இயேசுவைத் தெரியாது" என்று ஆரம்பித்தாள் ஒரு தங்கச்சி. அந்த அம்மா பொறுமையாக, மரியம் பேரீச்ச மரத்தடியில் பிரசவ வலியோடு இருந்ததைக் குர்ஆனிலிருந்து சொல்லத் தொடங்கினார். இவளுக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மரியம் பெயரில் குர்ஆனில் ஒரு சூராவே இருக்கிறது, 19ஆவது. அங்கே உட்கார்ந்து அந்த அம்மா சொல்வதைக் கேட்டிருந்தாலே நல்ல பேச்சாக அமைந்திருக்கும். இன்னொருவர், கறுப்புச் சட்டைக்காரர், ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: "உங்க கல்லறைத் தோட்டத்துல எங்க ஆளுங்களுக்குத் தனி இடமா, சேர்ந்த இடமா?" அதற்கு நேரான பதில் சொல்லாமல் அவரிடம் சிலுவையைப் பற்றிப் பேச முடியாது. சில ஊர்களில் தலித் கிறிஸ்தவர்களுக்குத் தனி இடம்தான், வெட்கக்கேடுதான் என்று ஒத்துக்கொண்ட பிறகுதான் அவர் என்னை உட்காரச் சொன்னார்.

1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் ஒன்றும் மென்மையான ஆள் இல்லை, கோயில் வழிபாட்டைக் கடுமையாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் தமிழ் படித்தார், ஓலைச்சுவடி சேர்த்தார், கடிதம் எழுதிக் கேள்வி கேட்டு, தமிழர்கள் அனுப்பிய பதில்களை ஜெர்மனில் மொழிபெயர்த்து ஊருக்கு அனுப்பினார். 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூலே எழுதினார். இதெல்லாம் மிஷனரி செய்கிற வேலையா என்று ஜெர்மனியின் ஹாலே நகரில் இருந்த மிஷன் பெரியவர்கள் முகம் சுளித்து அச்சிடாமல் வைத்துவிட்டார்கள், 1867இல்தான் சென்னையில் அது அச்சேறியது. முன்னூறு வருடத்துக்கு முன்னால் கப்பலில் வந்த வெள்ளைக்காரருக்கு இருந்த அக்கறை, பக்கத்துத் தெருவில் பிறந்து வளர்ந்த நமக்கு இல்லையென்றால் எப்படி?

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு மதத்தைப் பரப்ப உரிமை தருகிறது. ஆனால் பரப்புவது வேறு, இன்னொருவரை மதம் மாற்றுவது உன் உரிமை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1977இலேயே சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் 2002இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004இல் விலக்கிக்கொள்ளப்பட்டது, அதை வைத்துக்கொண்டு "நம்மை யாரும் ஒன்றும் செய்ய முடியாது" என்று மார்தட்டுகிறவர்கள் வார்டுக்கு வராமல் இருப்பதே எனக்குப் பெரிய உதவி. இன்னொன்று, யாரும் வாயே திறக்காதது. பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர் ஞானஸ்நானம் எடுத்தால் 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி எஸ்.சி. தகுதி போய்விடும். அந்த ஆணையில் 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவர்களை இன்றுவரை சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் பி.சி. பட்டியலில் வைப்பார்கள். ஞானஸ்நானம் பெற்ற புதுச்சேரிப் பெண் ஒருவர் வேலைக்காக எஸ்.சி. சான்றிதழ் கேட்ட வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் முடியாது என்று சொன்னது. இந்த ஆணை அநியாயம் என்பது என் கருத்து, அது இருக்கட்டும். ஆனால் பிளஸ் டூ படிக்கிற மகள் இருக்கிற ஒரு அப்பாவை அவசரமாக ஆற்றில் இறக்குவதற்கு முன்னால் இதைச் சொல்லவேண்டியது உங்கள் கடமை. மறைத்து வாங்குகிற முடிவு எந்த வகையில் சுவிசேஷம்?

சரி, வருகிறவர்கள் வாருங்கள், இப்படி வாருங்கள். முதலில் சாப்ளின் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள், பிறகு வார்டு சிஸ்டரிடம் கேளுங்கள், பிறகு நோயாளியிடம். அவர் "அப்புறம் பார்க்கலாம்" என்றால் வேண்டாம் என்றுதான் அர்த்தம், நகர்ந்துவிடுங்கள். கையைக் கழுவாமல் ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குப் போகாதீர்கள், தலையில் கை வைத்துத்தான் ஜெபிக்க வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை, பெண் நோயாளிகளிடம் ஆண்கள் அதை நினைக்கவே வேண்டாம். தையல் போட்ட இடத்தில் எண்ணெய் தடவுகிற வேலை கூடவே கூடாது. ஆபரேஷனுக்காக ஒன்றும் சாப்பிடக் கூடாது என்று எழுதி மாட்டியிருக்கிற கட்டிலில் திருவிருந்தின் அப்பமும் ரசமும் கொடுத்துவிட்டுப் போனார் ஒரு போதகர், மயக்க மருந்து டாக்டர் என்னைக் கூப்பிட்டுக் கேட்ட கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. மனநல வார்டுக்கும் வலிப்பு நோயாளியிடமும் போய்ப் பிசாசு என்ற வார்த்தையை எடுக்கிறவர்கள் அன்றோடு சரி, மறுபடி உள்ளே விடமாட்டேன்.

பேச ஒன்றும் தோன்றவில்லையா, பேசாதீர்கள். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாயைத் திறக்காமல் கூட உட்கார்ந்திருந்தார்கள், அவர்கள் செய்ததில் உருப்படியான காரியம் அது ஒன்றுதான். கூட இருக்க ஆள் இல்லாத நோயாளிக்குக் கேண்டீனில் இருந்து வெந்நீர் வாங்கிக் கொடுங்கள், ஸ்கேன் எடுக்கத் தள்ளுவண்டியோடு கூடப் போங்கள். "நீங்க யாரு, எதுக்கு இதெல்லாம் செய்யறீங்க" என்று அவரே கேட்பார். கேட்டால் தாராளமாகச் சொல்லுங்கள், ஒளிக்க வேண்டாம், சாந்தமாகச் சொல்லுங்கள், ஐந்து நிமிடம் போதும். கேட்கவில்லையா, வெந்நீர் வெந்நீராகவே இருக்கட்டும்.

அப்புறம் டிசம்பர் வருகிறது. கேரல் பாட வருகிற வாலிபர் குழுக்கள் டிரம்ஸை வேனிலேயே வைத்துவிட்டு வரவும். சர்க்கரை வார்டில் கேக் கொடுக்க வேண்டாம், போன வருடம் அந்த ராத்திரி டியூட்டியில் இருந்த சிஸ்டர்கள் இன்னும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.