வீட்டெண் 56, பார்சல் போனது 65-க்கு

வெளிநாட்டிலிருந்து அஞ்சல் வழியாக வரும் பார்சலின் ட்ராக்கிங் எண்ணைக் கவனித்திருப்பீர்கள். முன்னால் இரண்டு எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து. உலக அஞ்சல் ஒன்றியம் வகுத்த வடிவம் இது. அந்த ஒன்பதில் முதல் எட்டுதான் உண்மையான எண். ஒன்பதாவது இலக்கம் மற்ற எட்டுக்கும் காவல்.

20417356 என்று எடுத்துக்கொள்வோம். இந்த எட்டு இலக்கங்களையும் வரிசையாக 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 157 வரும். அதை 11-ஆல் வகுத்தால் மீதி 3. பதினொன்றில் மூன்று போக 8. அதுதான் சோதனை இலக்கம். ஆக முழு எண் 204173568. (மீதி 0 அல்லது 1 வந்தால் தனி விதி உண்டு, அது இங்கே வேண்டாம்.) இப்போது யாரோ அவசரத்தில் நடுவே உள்ள 56-ஐ 65 என்று மாற்றி அடித்துவிடுகிறார். கூட்டுத்தொகை 159, மீதி 5, எனவே சோதனை இலக்கம் 6 என்று வந்திருக்க வேண்டும். இருப்பதோ 8. இப்படி ஓர் எண் இருக்கவே முடியாது என்று கணினி அங்கேயே தள்ளிவிடும்.

அதே ஆள், அதே அவசரத்தில், முகவரிக் கட்டத்தில் வீட்டெண் 56 என்பதற்குப் பதில் 65 என்று அடிக்கிறார். ஒன்றும் ஆகாது. தெருவில் 65-ஆம் எண் வீடும் இருக்கிறதே! 'முகவரி சரிபார்க்கப்பட்டது' என்று பச்சை அடையாளம்கூட வரலாம். அந்தப் பச்சைக்கு அர்த்தம், இப்படியொரு முகவரி உலகில் உண்டு என்பது மட்டுமே. அது உங்களுடையதா என்று கேட்க எந்தக் கணினியிடமும் வழியில்லை. பார்சல் தடம் மாறும் கதைகளில் பல இந்த ஓட்டை வழியாகத்தான் நுழைகின்றன.

இல்லாத முகவரியை அடித்தாலாவது மாட்டிக்கொள்ளுமா? அங்கேயும் ஒரு சிக்கல். 1965-இல் விளாதிமிர் லெவன்ஷ்டைன் என்ற சோவியத் கணிதவியலாளர், ஒரு சொல்லை இன்னொன்றாக்க எத்தனை எழுத்துகளைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்று எண்ணி, இரு சொற்களுக்கு இடையிலான 'தூரத்தை' அளக்கும் முறையைத் தந்தார். எழுத்துப் பிழையைத் திருத்தும் மென்பொருள்கள் பலவற்றுக்கு அடிப்படை அதுதான். முகவரி மென்பொருளும் தெருப் பெயரைப் பட்டியலில் தேடி, கிடைக்காவிட்டால் மிகக் குறைந்த தூரத்தில் உள்ள பெயரை எடுத்துக்கொள்ளும். பெரும்பாலும் நல்லதே செய்யும். ஆனால் தப்பான தெருவைத் தேர்ந்துவிட்டால், கண்டுபிடித்திருக்கக்கூடிய ஒரு பிழையைக் கண்டுபிடிக்கவே முடியாத பிழையாக மாற்றிவிடுகிறது. பிழையான முகவரி என்றால் பார்சல் அனுப்பியவரிடமே திரும்பும். 'திருத்திய' முகவரி என்றால் யாரோ ஒருவர் வாங்கி வைத்துக்கொள்வார்.

வீடு மாறியவர்களின் புலம்பல் வேறு மாதிரி. "கணக்கில் புது முகவரியைப் போட்டுவிட்டேனே, ஏன் பழைய வீட்டுக்குப் போனது?" உங்கள் கணக்கில் இருக்கும் முகவரியும் ஆர்டரில் இருக்கும் முகவரியும் தனித்தனிப் பதிவுகள். ஆர்டர் பொத்தானை அழுத்திய நொடியில் கணக்கிலிருந்து ஒரு நகல் எடுக்கப்பட்டு, உறைந்துவிடுகிறது. வேண்டுமென்றே செய்த ஏற்பாடுதான் இது. வரி, அனுப்பும் செலவு, மோசடிச் சோதனை எல்லாம் அந்த முகவரியை வைத்துத்தான் கணக்கிடப்பட்டிருக்கும். கணக்கைக் கைப்பற்றிய திருடன் சோதனை முடிந்தபின் முகவரியை மட்டும் மாற்றிவிட முடிந்தால் என்ன ஆகும்?

பல விற்பனையாளர்கள் சேர்ந்து விற்கும் சந்தைத் தளங்களில் நகல்கள் இன்னும் பெருகும். தளத்தின் ஆர்டரிலிருந்து விற்பனையாளரின் பட்டியலுக்கு, அங்கிருந்து லேபிள் அச்சிடும் மென்பொருளுக்கு, பிறகு பார்சல் நிறுவனத்தின் தரவுத்தளத்துக்கு. முதல் இடத்தில் செய்யும் திருத்தம் கடைசி இடம் வரை தானாகப் போய்ச் சேருவதில்லை. இது போதாதென்று, ஒரே தட்டலில் பணம் கட்டும் வசதிகள் சில, தளத்தில் உள்ள முகவரியை விட்டுவிட்டுத் தங்களிடம் சேமித்து வைத்திருக்கும் முகவரியை எடுத்துக் கொடுத்துவிடும். என்றோ நண்பருக்குப் பரிசு அனுப்பியபோது போட்ட முகவரி அதில் தூங்கிக்கொண்டிருக்கலாம்.

லேபிள் அச்சாகும் முன் தெரிந்துவிட்டால், ஆர்டரை ரத்து செய்து புதிதாகப் போடுவதே மேல். விற்பனையாளருக்குச் செய்தி அனுப்பி 'கொஞ்சம் மாற்றி அனுப்புங்களேன்' என்றால் பலர் தயங்குவார்கள். அதில் நியாயமும் உண்டு: ஆர்டரில் உள்ள முகவரிக்கு அனுப்பினால்தான் அவர்களுக்குத் தளத்தின் பாதுகாப்பு கிடைக்கும். பார்சல் கிளம்பிய பிறகு, நிறுவனம் அனுமதித்தால், ட்ராக்கிங் எண்ணோடு ஒரு இடைமறிப்பு ஆணையைச் சேர்க்கலாம். பெட்டியை யாரும் தேடிப் போவதில்லை; அடுத்த முறை ஸ்கேன் ஆகும்போது அமைப்பு அதை அடையாளம் கண்டு ஒதுக்கும், புது லேபிள் ஒட்டுவார்கள். அடுத்த ஸ்கேன் என்று ஒன்று பாக்கி இருந்தால்தான் இது பலிக்கும். டெலிவரி வண்டியில் ஏறிய பெட்டிக்கு மிச்சம் இருப்பது பெரும்பாலும் வாசலில் நடக்கும் ஸ்கேன் ஒன்றுதான்.

நடுவழியில், வரிசைப்படுத்தும் மையங்களில், பிழை குறைவு. பட்டையில் ஓடும் பெட்டியின் பார்கோடைத்தான் இயந்திரம் படிக்கிறது. பரவலாகப் புழங்கும் 'கோட் 128' (Code 128) என்ற பார்கோடு வகைக்கும் சோதனைக் குறி உண்டு. வம்பு மறுபடி தொடங்குவது, எழுத்தாக இருக்கும் முகவரி வரைபடத்தில் ஒரு புள்ளியாக மாறும்போது.

எல்லா வீட்டுக்கும் அளந்த புள்ளி கிடையாது. பழைய, மலிவான வழி ஊகம். தெருவின் இந்தத் துண்டில் எண்கள் 1 முதல் 99 வரை என்று தெரிந்தால், 56-ஐ நடுவில் கொஞ்சம் தள்ளி வைத்துவிடுவது. அமெரிக்காவின் 1990 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக உருவான டைகர் வரைபடத் தரவு இந்த முறைக்குப் பேர்போனது. எல்லா மனையும் ஒரே அகலம் என்ற நம்பிக்கையில் நடக்கும் கணக்கு இது. தெருவின் பாதியை ஒரு பள்ளி மைதானம் அடைத்திருந்தால் புள்ளி எங்கேயோ போய் விழும். அந்தத் தெருவே தரவில் இல்லையென்றால், அஞ்சல் குறியீட்டுப் பகுதியின் நட்டநடுவில் ஒரு புள்ளி வைக்கப்படும். திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்: அட்சரேகையும் தீர்க்கரேகையும் ஆறு தசம இடங்களோடு, அளந்து எடுத்ததைப் போல.

இந்தப் பொய்யான துல்லியம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு, பார்சல் உலகுக்கு வெளியே ஓர் உதாரணம் உண்டு. கணினியின் இணைய முகவரியை (ஐபி எண்ணை) வைத்து இடம் சொல்லும் மேக்ஸ்மைண்ட் நிறுவனம், 'அமெரிக்காவில் எங்கோ' என்று மட்டும் தெரிந்தவற்றுக்கெல்லாம் நாட்டின் நடுவில், வடக்கு 38, மேற்கு 97 பாகையில் ஒரு புள்ளியை வைத்திருந்தது. அது கான்சாஸ் மாநிலத்தில் ஒரு பண்ணை வீட்டருகே விழுந்தது. இணையத் திருடனைத் தேடிப் போலீசாரும், ஏமாந்தவர்களும் ஆண்டுக்கணக்கில் அந்த வாசலுக்கு வந்தார்கள். 2016-இல் விஷயம் வெளியே வந்தபின் புள்ளியை ஓர் ஏரிக்குள் நகர்த்தினார்கள்.

புள்ளி சரியாகவே இருந்தாலும், டெலிவரிக்காரர் கையில் உள்ள கருவி தான் எங்கே இருக்கிறோம் என்று அறிய ஜிபிஎஸ்ஸை நம்புகிறது. செயற்கைக்கோள் சமிக்ஞை வந்து சேரும் நேரத்தை வைத்துத் தூரம் கணக்கிடும் முறை அது. ஒளி ஒரு நானோ நொடியில் 30 சென்டிமீட்டர் போகும்; நேரக் கணக்கில் பத்து நானோ நொடி பிசகினால் தூரம் 3 மீட்டர் பிசகும். திறந்த வெளியிலேயே கைபேசிக்குச் சுமார் 5 மீட்டர் பிழை சகஜம். உயரமான கட்டடங்களுக்கு நடுவில் சமிக்ஞை சுவரில் பட்டுத் திரும்பி, சுற்றுவழியில் வருவதால் பிழை இன்னும் கூடும். ஒட்டி ஒட்டி இருக்கும் குறுகிய வீடுகளில் இது பக்கத்து வாசல். அடுக்குமாடியில் இரண்டாம் தளமும் ஏழாம் தளமும் வரைபடத்தில் ஒரே புள்ளி. 'இடத்தைவிட்டுத் தள்ளி நிற்கிறீர்கள்' என்று செயலி எச்சரிக்கும்தான். ஆனால் புள்ளியே தப்பான தெருக்களில் அது நாள் முழுக்கக் கத்தும். அதைத் தட்டிவிட்டு வேலையைப் பார்ப்பதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

எங்கே தவறியது என்பதை லேபிள் ஓரளவு காட்டிக்கொடுக்கும். பெட்டியில் உங்கள் பெயர், உள்ளே வேறொருவரின் பொருள் என்றால், பொதி கட்டும் மேசையில் இரண்டு லேபிள்கள் இடம் மாறியிருக்கின்றன. உங்கள் பொருள் அந்த இன்னொருவரிடம் இருக்க வாய்ப்பு அதிகம். லேபிளில் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் என்றால் தவறு வாசலில் நடந்தது. உங்கள் பெயரோடு பழைய முகவரி என்றால் உறைந்த நகல்.

இவை எதிலும் சேராதது ஒன்று உண்டு, அது மோசடி. ட்ராக்கிங் பக்கம் 'டெலிவரி ஆகிவிட்டது' என்கிறது, ஊரும் அஞ்சல் குறியீடும் சரி, உங்களுக்கு எதுவும் வரவில்லை. ஏமாற்றும் விற்பனையாளர் உங்கள் அஞ்சல் குறியீட்டுக்குள்ளேயே வேறொரு வீட்டுக்கு ஒரு மலிவான உறையை அனுப்பி, அதன் எண்ணை உங்கள் ஆர்டரில் பதிந்திருப்பார். பொதுவில் தெரியும் ட்ராக்கிங் பக்கம் ஊரோடு நின்றுவிடும் என்பதுதான் அவருடைய துணிச்சல். தளத்தின் தானியங்கிச் சோதனையும் பெரும்பாலும் அதற்கு மேல் பார்ப்பதில்லை. ஆனால் பார்சல் நிறுவனத்தின் உள்பதிவில் முழு முகவரி, எடை, பல இடங்களில் கடைசி ஸ்கேன் நடந்த ஆயத்தொலைவுகள்கூட இருக்கும். மூன்று கிலோ பொருளுக்கு ஐம்பது கிராம் உறை என்பது அங்கே பட்டென்று தெரியும். யாருக்குப் போனது என்று சொல்ல அவர்கள் மறுக்கலாம். அது இன்னொருவரின் அந்தரங்கம். 'இந்த எண்ணுள்ள பார்சல் உங்கள் முகவரிக்கு அனுப்பப்பட்டதல்ல' என்று எழுத்தில் கேட்டால் கிடைக்க வாய்ப்புண்டு. தளத்தின் புகார்க் கெடு முடிவதற்குள் அந்த ஒரு வரியை வாங்கி, புகாரோடு இணைக்க வேண்டும்.