ஊதாவா, இளஞ்சிவப்பா? செல்சுவர் சொல்லும் சேதி

ஆன்டிபயாட்டிக் என்றால் எந்தக் கிருமியையும் கொன்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். மருந்து உள்ளே நுழையுமா, நுழைந்தாலும் தாக்க அங்கே ஏதாவது இருக்குமா என்பதைப் பல நேரங்களில் பாக்டீரியாவின் செல்சுவர்தான் தீர்மானிக்கிறது.

சுவரை அடையாளம் காண, 1884-இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் வெளியிட்ட சாயமுறையைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். ஸ்மியரை (கண்ணாடி ஸ்லைடில் மெல்லியதாகத் தடவிய மாதிரியை) உலர்த்தி, சுடரில் லேசாகக் காட்டி, கிரிஸ்டல் வயலெட் என்ற ஊதாச் சாயம் ஒரு நிமிடம், அயோடின் ஒரு நிமிடம். பிறகு ஆல்கஹால் அல்லது அசிட்டோனால் நிறநீக்கம். கடைசியாக சாஃப்ரனின் என்ற இளஞ்சிவப்புச் சாயம், 30 முதல் 60 நொடி. ஊதாவாகவே நிற்பவை கிராம் பாசிட்டிவ்; இளஞ்சிவப்பாக மாறுபவை கிராம் நெகட்டிவ்.

கிராம் பாசிட்டிவ் கிருமிகளில், செல்சுவரின் முக்கியப் பொருளான பெப்டிடோகிளைக்கான் 20 முதல் 80 நானோமீட்டர் வரை அடுக்கடுக்காக இருக்கும். ஆல்கஹால் பட்டதும் அது நீரிழந்து இறுகி, ஊதாவை வெளியே விடாது. கிராம் நெகட்டிவில் அது சில நானோமீட்டர்தான். மேலே உள்ள கொழுப்புச் சவ்வு ஆல்கஹாலில் கரைய, ஊதா கழுவிக்கொண்டு போய், சாஃப்ரனினின் இளஞ்சிவப்பு ஏறும். அந்த வெளிச்சவ்வு லேசுப்பட்டதல்ல: வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் போன்ற பெரிய மூலக்கூறை அது உள்ளே விடாது.

தவறு பெரும்பாலும் நிறநீக்கத்தில்தான் நடக்கிறது. ஸ்லைடைச் சாய்த்துப் பிடித்து ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள்; வழியும் திரவத்தில் ஊதா வருவது நின்றதும் உடனே தண்ணீரில் அலசுங்கள். அசிட்டோன் என்றால் இரண்டு மூன்று நொடியே போதும். கூடினால் கிராம் பாசிட்டிவான ஸ்டெஃபைலோகாக்கஸ்கூட இளஞ்சிவப்பாகத் தெரியும். ஸ்மியர் தடிமனாக இருந்தால் கிராம் நெகட்டிவான ஈ.கோலை ஊதாவாக நிற்கும். அதனால் இந்த இரண்டையும் கன்ட்ரோலாக (நிறம் முன்பே தெரிந்த ஒப்பீட்டு மாதிரியாக) வைத்துச் சாயமேற்றிப் பார்ப்பது அவசியம். நாள்பட்ட கல்ச்சரும் (ஆய்வகத்தில் வளர்த்த கிருமியும்) ஏமாற்றும். மருந்து தொடங்கிய பிறகு எடுத்த மாதிரியிலும் சுவர் சிதைந்து நிறம் மாறலாம். ஆகவே முதலில் மாதிரி, பிறகு மருந்து. உயிருக்கு ஆபத்தான நிலையில் மட்டும் மருந்தைத் தாமதிக்கக் கூடாது.

காசநோய்க் கிருமியின் சுவரில் மெழுகு போன்ற மைக்கோலிக் அமிலம் இருப்பதால் கிராம் சாயம் சரியாக ஏறாது. கார்பால் ஃபுக்சின் என்ற சிவப்புச் சாயத்தை ஆவி வரும்வரை சூடாக்கி ஏற்றினால், அமிலம் ஊற்றினாலும் அந்தச் சிவப்பு போகாது. இந்தச் சோதனையைத் தனியாகக் கேட்டு எழுத வேண்டும்.

மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவுக்குச் சுவரே கிடையாது. கிராம் சாயத்திலும் சிக்காது. சுவர் கட்டும் வேலையைத் தடுக்கும் பெனிசிலினுக்கும் அமாக்ஸிசிலினுக்கும் அதனிடம் தாக்க எதுவுமில்லை. புரத உற்பத்தியைத் தடுக்கும் டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் போன்றவைதான் பலன் தரும்.