போல்டர் மாடல்: தமிழில் எப்படிச் சொல்வது?

நெதர்லாந்துப் பிரதமராக இருந்த விம் கோக்கைப் பற்றி எதைப் படித்தாலும் 'போல்டர் மாடல்' என்ற சொல் கூடவே வந்துவிடும். எதிரெதிர்த் தரப்புகள் கூடிப் பேசி ஒத்த முடிவுக்கு வரும் முறைக்கு அது பெயர்.

'போல்டர்' டச்சுச் சொல். சுற்றிலும் கரை எழுப்பி, உள்ளே நிற்கும் தண்ணீரை இறைத்து மீட்ட நிலம் அது. மேட்டு நிலத்தைக் குறிக்கும் 'பொல்' என்பதிலிருந்து வந்தது என்பார்கள். 1612இல் நீரை வற்றவைத்த பேம்ஸ்டர் ஏரி இன்றும் கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய மூன்றரை மீட்டர் கீழேதான் கிடக்கிறது. மாடுகள் மேயும் பசும்புல், அதற்கு மேலே உயர்ந்த கரையில் ஓடும் கால்வாய்!

சரி, நிலத்தின் பெயர் அரசியலுக்கு எப்படி வந்தது? கரை உடைந்தால் வெள்ளம் பணக்காரன், ஏழை என்று பார்க்காது. பகையாளிகளும் கூடிப் பேசித்தான் கரையைக் காக்க வேண்டும். அதற்கென்றே 13ஆம் நூற்றாண்டிலேயே நீர் வாரியங்கள் உண்டு.

கோக் ஒரு தச்சரின் மகன். தொழிற்சங்கத் தலைவராக இருந்தபோது, 1982 நவம்பரில், முதலாளிகள் சங்கத் தலைவர் கிறிஸ் வான் ஃபேனுடன் வாசனார் ஊரில் உடன்பாடு கண்டார். பேச்சு நடந்தது வான் ஃபேனின் வீட்டிலேயே. சம்பள உயர்வை அழுத்திக் கேட்பதில்லை; பதிலுக்கு வேலை நேரம் குறையும், வேலை பலருக்குக் கிடைக்கும். அப்புறம் நிதியமைச்சர். 1994 முதல் 2002 வரை பிரதமர். சிவப்பு நிறத் தொழிற்கட்சியும் நீல நிற லிபரல்களும் ஒரே அமைச்சரவையில் உட்கார்ந்ததால் அதற்கு 'ஊதா' என்றே பெயர். 'போல்டர் மாடல்' எல்லோர் வாயிலும் புழங்கியது அந்த ஆண்டுகளில்தான்.

தமிழில்? நிலத்துக்கு 'அணைநிலம்' எனக்குப் பிடித்திருக்கிறது. முறைக்குச் 'சமரசம்' பொருந்தாது. அது சண்டை மூண்ட பிறகு வருவது. 'விட்டுக்கொடுத்தல்' ஒருதரப்பாக ஒலிக்கிறது. இலங்கைத் தமிழ் நாளிதழ்களில் புழங்கும் 'இணக்கப்பாடு' இருக்கிறதே, அதுதான் சரியான சொல்: 'இணக்கப்பாட்டு முறை'.

டச்சில் இதற்கு 'போல்டரன்' என்று வினைச்சொல்லும் உண்டு. 'கூடிப் பேசி முடித்தல்' என்று எழுதலாம். முடிவே வராமல் பேச்சு நீளும்போது அவர்கள் அதே சொல்லைத்தான் ஏச்சாகவும் சொல்கிறார்கள். அந்த இடத்தில் 'பேசிப் பேசியே இழுத்தடித்தல்' என்று மாற்றி எழுத வேண்டும்.