புருனோ பெர்னாண்டஸின் துள்ளல்: 11 மீட்டரில் கால் வினாடியைச் சம்பாதிப்பது எப்படி?

பெனால்டிப் புள்ளியிலிருந்து கோல் கோடு 11 மீட்டர். இரு கம்பங்களுக்கு நடுவே 7.32 மீட்டர், குறுக்குக் கம்பத்தின் உயரம் 2.44 மீட்டர். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் உதைத்த பந்து கம்பத்தின் அடிக்குப் போய்ச் சேர 0.46 வினாடி ஆகும். பந்து எந்தப் பக்கம் வருகிறது என்று கண் கண்டு, மூளை முடிவெடுத்து, தசை அசையத் தொடங்கவே கோல்கீப்பருக்கு 0.2 வினாடி போய்விடும். மிச்சம் இருப்பது ஏறத்தாழ கால் வினாடி. நடுவிலிருந்து 3.66 மீட்டர் தள்ளியிருக்கும் மூலைக்கு அந்த நேரத்தில் எந்தக் கீப்பராலும் போக முடியாது.

அதனால் பெரும்பாலான கீப்பர்கள் கால் பந்தில் படுவதற்கு முன்பே ஒரு பக்கத்தைத் தேர்ந்து பாயத் தொடங்குகிறார்கள். உதைப்பவர் இதைப் பார்த்துவிட்டு மறுபக்கம் உதைத்தால் வேலை முடிந்தது. ஆனால் வழக்கமான ஓட்டத்தில் அவருக்கும் அதே நேரப் பஞ்சம்தான். கீப்பர் அசைவது தெரியும்போது அவருடைய கால் ஏற்கெனவே வீசப்பட்டிருக்கும், இடுப்பு ஒரு திசைக்குப் பூட்டப்பட்டிருக்கும். கடைசி நொடியில் மாற்ற முயன்றால் பந்து நடுவிலேயே போகும், அல்லது வெளியே போகும்.

போர்ச்சுகல் மிட்ஃபீல்டர் புருனோ பெர்னாண்டஸ் இந்தச் சிக்கலுக்கு வைத்திருக்கும் பதில்தான் உதைப்பதற்குச் சற்று முன் அவர் போடும் அந்தச் சின்னத் துள்ளல். அதை அவர் ஒருவர் மட்டும் செய்வதில்லை. இத்தாலியின் ஜார்ஜினியோவும் இதே வகைதான். ஆனால் பெர்னாண்டஸின் ஆட்ட வாழ்க்கையில் பெனால்டிக்குத் தனி இடம் உண்டு. 1994இல் போர்ட்டோவுக்கு அருகிலுள்ள மாயாவில் பிறந்தவர், பொவாவிஸ்டாவின் இளையோர் அணியில் வளர்ந்து, 17 வயதில் இத்தாலியின் நொவாராவுக்குப் போனார். பிறகு உதினேசே, சம்ப்டோரியா. 2017இல் தாய்நாடு திரும்பி லிஸ்பனின் ஸ்போர்ட்டிங் அணியில் சேர்ந்தார். 2018–19 பருவத்தில் லீக்கில் மட்டும் 20 கோல். மிட்ஃபீல்டருக்கு அது மிகப் பெரிய எண்ணிக்கை. 2020 ஜனவரியில் மான்செஸ்டர் யுனைடெட் அவரை வாங்கியது. பிப்ரவரி 23 அன்று வாட்ஃபோர்டுக்கு எதிராக அந்த அணிக்காக அவர் அடித்த முதல் கோலே பெனால்டிதான். கீப்பர் பென் ஃபாஸ்டர் தன்னை வீழ்த்தியதற்குக் கிடைத்த பெனால்டியைத் தானே எடுத்துப் போட்டார்.

துள்ளலின் உள்ளே நடப்பதைப் பார்ப்போம். ஓட்டம் நிதானமானது, பார்வை கீப்பர் மீது. பந்தை நெருங்கும்போது தரையை விட்டு ஒரு சிறு எழும்பல். 5 செ.மீ. உயரம் எழும்பினால் காற்றில் இருக்கும் நேரம் 0.2 வினாடி, 10 செ.மீ. என்றால் 0.29 வினாடி. புவியீர்ப்பு தரும் கணக்கு இது, ஆளுக்கு ஆள் மாறாது. கீப்பர் அதுவரை உதைப்பவரின் காலடித் தாளத்தை எண்ணிக்கொண்டு, அடுத்த அடியில் உதை விழும் என்று தன் பாய்ச்சலை அதற்குப் பொருத்தி வைத்திருப்பார். அடி விழ வேண்டிய இடத்தில் இடைவெளி விழுகிறது. அவருடைய உடலோ புறப்பட்டுவிட்டது.

கீப்பரால் சும்மா பாய்ந்துவிட முடியாது. ஒரு பக்கம் பாய எதிர்ப்பக்கக் கால் முதலில் தரையை உந்த வேண்டும், அதற்கு முன் முழங்கால் மடங்க வேண்டும், இடுப்பு சாய வேண்டும். பெர்னாண்டஸ் காற்றில் இருந்தபடி தேடுவது இந்த முன்னசைவைத்தான், முழுப் பாய்ச்சலை அல்ல. உடல் எடை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் திரும்பி வர, முதலில் அந்தச் சாய்வை நிறுத்தி, பிறகு மறு காலால் உந்த வேண்டும். அதற்கு நேரமே கிடையாது.

இறங்கியதும் இடது கால் பந்துக்குப் பக்கத்தில் ஊன்றுகிறது. ஊன்றுகால் இருக்கும் இடம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. வலது இடுப்பைத் திறந்து பாதத்தின் உட்புறத்தால் தள்ளினால் பந்து அவருடைய வலப்பக்கம் போகும், உடலுக்குக் குறுக்கே இழுத்தால் இடப்பக்கம். கம்பத்திலிருந்து ஒரு மீட்டர் உள்ளே குறிவைத்தால் நடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 14 பாகை விலகல் போதும். கீப்பர் தவறான பக்கம் போய்விட்டால் பாதிக் கோலும் காலி. மூலையைத் துல்லியமாகத் தொட வேண்டிய கட்டாயமும் இல்லை, ஓங்கி உதைக்க வேண்டிய தேவையும் இல்லை. துள்ளலின் உண்மையான லாபம் இதுதான். வேடிக்கை காட்டுவதாக அதைக் குறை சொல்வோர் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

இனி விலை. துள்ளியவுடன் ஓட்டத்தின் வேகம் பெரும்பாலும் செத்துவிடும். கடைசி அடி குட்டையாகிவிடுவதால் கால் பின்னே போய் வீசும் தூரமும் குறையும். பந்து மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கம்பத்துக்கு ஒரு மீட்டர் உள்ளே இருக்கும் இலக்கை எட்ட 0.58 வினாடி. கீப்பர் ஏமாறாமல் நடுவில் நின்றிருந்தால், உணர்வதற்கான 0.2 வினாடி போக அவரிடம் இன்னும் 0.38 வினாடி இருக்கிறது, கடக்க வேண்டியது 2.66 மீட்டர். 1.9 மீட்டர் உயர ஆள் கையை நீட்டிப் பக்கவாட்டில் விழுந்தாலே ஏறக்குறைய அந்த இடம் வந்துவிடும். அதாவது, கீப்பர் காத்திருந்தால் துள்ளல் பெனால்டி மிக எளிதாகப் பிடிபடும் பெனால்டி.

2020 அக்டோபர் 17 அன்று நியூகாசிலின் கார்ல் டார்லோ சரியான பக்கம் பாய்ந்து பெர்னாண்டஸின் உதையைத் தடுத்தார். யுனைடெட்டுக்காக அவர் தவறவிட்ட முதல் பெனால்டி அது. 2021 ஜூலையில் யூரோ இறுதிப் போட்டியில் ஜார்ஜினியோ துள்ளி உதைத்ததை இங்கிலாந்தின் பிக்ஃபோர்ட் கம்பத்தில் தட்டிவிட்டார். கீப்பர்கள் காணொளி பார்த்துப் படிக்கிறவர்கள். ஒரு உத்தி வெற்றி பெறப் பெற, அதற்கு எதிராகக் காத்திருக்கும் துணிவும் அவர்களுக்கு வளர்கிறது.

இன்னொரு தவறு உயரத்தில் நடக்கிறது. பந்து கிளம்பும் கோணம் ஒரு பாகை கூடினால் கோல் கோட்டில் அது ஏறத்தாழ 20 செ.மீ. மேலே போகும். ஊன்றுகால் பந்துக்குச் சற்றுப் பின்னால் விழுந்தால் உடல் பின்னோக்கிச் சாயும், பாதம் பந்தின் நடுவுக்குக் கீழே படும், ஐந்து பாகைப் பிழை ஒரு மீட்டராகிவிடும். பலம் கொடுத்து உதைக்கும்போது இந்த அபாயம் கூடுதல். 2021 செப்டம்பரில் ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக, 90 நிமிடம் முடிந்தபின் சேர்க்கப்பட்ட நேரத்தில் பெர்னாண்டஸ் உதைத்தது குறுக்குக் கம்பத்துக்கு மேலே பறந்தது, யுனைடெட் 0–1 எனத் தோற்றது. 2025 ஆகஸ்டில் ஃபுல்ஹாமிலும் அதே கதி. அன்று உதைக்கத் தயாராகும்போது நடுவர் அவர் மீது மோதிவிட்டார், தன் வழக்கமான தயாரிப்பு குலைந்ததில் எரிச்சலடைந்ததாகப் பிறகு சொன்னார். சாக்கு என்று அதைத் தள்ளிவிட முடியாது. தாளத்தை வைத்து அடுத்தவரை ஏமாற்றும் உத்தியில் தன் தாளம் தப்பினால் ஊன்றுகால்தான் முதலில் இடம் மாறும்.

சட்டம் துள்ளலை அனுமதிக்கிறது. ஓட்டத்தின் நடுவே ஏமாற்றலாம். ஆனால் ஓட்டத்தை முடித்துவிட்டு, உதைப்பதுபோல் பாவனை காட்டி நிறுத்தக் கூடாது. செய்தால் மஞ்சள் அட்டை, எதிரணிக்கு மறைமுக ஃப்ரீ கிக். பெர்னாண்டஸ் இறங்கியதும் நிற்காமல் ஊன்றி உதைத்துவிடுவதால் சட்டத்துக்கு உட்பட்டே இருக்கிறார். கீப்பருக்கும் ஒரு கட்டு உண்டு: பந்து உதைபடும்போது ஒரு பாதத்தின் ஒரு பகுதியாவது கோல் கோட்டின் மேலோ, அதற்கு நேராகவோ, பின்னாலோ இருக்க வேண்டும். உதை தாமதமாகும்போது இந்த விதியை மீறுவது எளிதாகிவிடுகிறது. நியூகாசில் ஆட்டத்துக்கு மூன்றே நாள் கழித்து, பாரிசில் பிஎஸ்ஜி கீப்பர் கெய்லர் நவாஸ் பெர்னாண்டஸின் பெனால்டியைத் தடுத்தார். கோட்டை விட்டு முன்னே வந்துவிட்டதால் மறுபடி உதைக்கச் சொன்னார்கள். இரண்டாவது உதை கோல்.

எல்லாப் பெனால்டியையும் அவர் துள்ளி எடுப்பதில்லை. சிலவற்றை நேராக ஓடி வந்து பலமாக உதைத்துவிடுகிறார். துள்ளல் வரும் என்று நம்பி நடுவில் காத்திருக்கும் கீப்பருக்கு, முதலில் சொன்ன அந்த 0.46 வினாடிதான் அப்போது மிஞ்சும்.