பொதுமுடக்கமா, ஊரடங்கா?

“பொதுமுடக்கத்தால் அத்தியாவசியப் பணிகள் முடங்காமல் இருந்தன.” கொரோனா காலத்தைப் பற்றிய ஒரு மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க அனுப்பியிருந்தார்கள். முதல் பக்கத்திலேயே இந்த வரி. முடக்கம் எப்படி ஐயா முடங்காமல் காக்கும்?

சொல்ல வந்த சேதி என்னவோ சரிதான். தொற்று ஒரே மூச்சில் ஊரெல்லாம் பரவினால் நர்சும் லைன்மேனும் பால் வண்டி டிரைவரும் ஒரே நேரத்தில் படுத்துவிடுவார்கள். மற்றவர்கள் வீட்டோடு இருந்தால் அது மெல்லப் பரவும், வேலைக்கு ஆள் மிஞ்சும். 2021 மே மாதம் எங்கள் எதிர்வீட்டு நர்சம்மா, உடன் வேலை பார்த்த மூவருக்கும் காய்ச்சல் என்று இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்தார். வாசல் குழாயில் கால் கழுவும்போதே கண் சொக்கியது.

சரி, சொல்லுக்கு வருவோம். ‘லாக்டவுன்’ தமிழில் பொதுமுடக்கமா, ஊரடங்கா என்பதுதான் வழக்கு. ‘லாக்டவுன்’ அமெரிக்கச் சிறைகளில் கைதிகளை அறைக்குள் பூட்டிவைப்பதற்கு வழங்கிய சொல். ‘கர்ஃப்யூ’ பழைய பிரெஞ்சில் ‘தீயை மூடு’. இரவு மணி அடித்ததும் அடுப்பை மூடிவிட வேண்டும்.

முடம், முடவன், முடக்குவாதம் எல்லாம் முடக்கத்தின் உறவுக்காரர்கள். மடங்கி, இயங்காமல் கிடப்பதுதான் முடங்குதல். போட்ட பணம் முடங்கும், வங்கி கணக்கை முடக்கும். அடங்குதல் அப்படியல்ல. காற்று அடங்கும், பசி அடங்கும். ஊரடங்கிய சாமத்திலும் காவல்காரர் நடப்பார், பிரசவம் பார்க்க ஆள் ஓடும். ஊர் அடங்கியிருக்கிறதே தவிர, செத்துப்போகவில்லை.

‘ஊரடங்கு ஏற்கெனவே கர்ஃப்யூவுக்குப் போய்விட்டது, அதனால் புதுச்சொல்’ என்பது முடக்கக் கட்சியின் வாதம். அடைமொழி எதற்கு இருக்கிறது? இரவு நேர ஊரடங்கு, முழு ஊரடங்கு. 2021 மே 24 முதல் ‘தளர்வுகளற்ற முழு ஊரடங்கு’ என்று தமிழக அரசு அறிவித்தபோது, தெருவுக்குக் காய்கறி வண்டி கொண்டுவந்தவருக்குக்கூட அகராதி தேவைப்படவில்லை.

இன்னொன்று. தமிழ், தமிழ் என்று பொதுமுடக்கத்தைப் பிடித்துக்கொண்டவர்கள் அதே வரியில் ‘அத்தியாவசிய’ என்ற வடசொல்லை ஏன் விட்டுவைத்தார்கள்? ‘இன்றியமையாத’ குறளிலேயே (682) இருக்கிறது.

“ஊரடங்கால் இன்றியமையாப் பணிகளுக்கு ஆள் குறையவில்லை” என்று திருத்தி அனுப்பினேன். அச்சுக்குப் போகும் முன் பிரதி ஒருமுறை வந்தது. யார் மனமும் நோகக் கூடாதென்று நினைத்தார்கள்போல: ‘பொது ஊரடங்கு முடக்கம்’.