கோதுமையை நிறுத்தும் முன் முழங்கையைக் காட்டுங்கள்

"மூணு வாரமா கோதுமையைத் தொடவே இல்லை டாக்டர். அரிப்பு கொஞ்சம் கொறைஞ்ச மாதிரி இருக்கு. அப்போ குளூட்டன்தானே காரணம்?"

உட்காரும்போதே சட்டைக் கையை மடித்து, இரண்டு முழங்கைகளையும் நீட்டினார் அவர். கடுகளவு காய்ந்த பொருக்குகள், நடுவே நகம் கீறிய கோடுகள். முழுக் கொப்புளம் ஒன்றுகூட இல்லை. இடது முழங்கையில் எங்கே இருந்ததோ, வலதிலும் ஏறக்குறைய அதே இடத்தில். முட்டியிலும் பிட்டத்திலும் அரிக்கிறதா என்று கேட்டேன். ஆமாம் என்றார். பின்தலையில் முடி தொடங்கும் இடத்தையும் தொட்டுக் காட்டினார்.

குளூட்டன் என்ற புரதத்தால் வரும் தோல்நோய் ஒன்று உண்டு. பெயர் டெர்மடைட்டிஸ் ஹெர்பெட்டிஃபார்மிஸ். பெயரைப் பார்த்து ஹெர்பிஸ் வைரஸ் என்று பயப்பட வேண்டாம். கொப்புளங்கள் கொத்தாக வருவதால் அந்தப் பெயர், அவ்வளவுதான். தொற்றாது. அமெரிக்கத் தோல் மருத்துவர் லூயி டூரிங் 1884-இலேயே இதை விவரித்துவிட்டார். கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள குளூட்டனுக்கு எதிராகக் குடலில் தொடங்கும் எதிர்ப்பு, ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதமாகத் தோலில் வந்து படிகிறது. குளூட்டனால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோயின் தோல் முகம் என்று சொல்லலாம். ஆனால் வயிற்றுப்போக்கோ வயிற்றுவலியோ இல்லாதவர்களே இவர்களில் அதிகம். "வயிறு நல்லாத்தான் இருக்கு" என்பதை வைத்து இதை ஒதுக்கிவிட முடியாது.

சரி, அரிக்கிற எல்லாருக்கும் இதுதானா? இல்லை. இது அரிதான நோய். முழங்கையின் உள்மடிப்பிலும் முட்டியின் பின்மடிப்பிலும் அரித்தால் எக்ஸிமாவைத்தான் முதலில் நினைப்பேன். விரலிடுக்கில் அரித்து, இரவில் கூடி, வீட்டில் இன்னொருவரும் சொறிந்துகொண்டிருந்தால் அது பெரும்பாலும் சிரங்கு. கோதுமை சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் தடித்து எழும்பி, ஒரு நாளைக்குள் தடம் தெரியாமல் மறைந்தால் அது கோதுமை அலர்ஜியாக இருக்கலாம். அதற்கான பரிசோதனைகளே வேறு. மூச்சுத்திணறலோ உதட்டு வீக்கமோ சேர்ந்தால் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

வந்தவரின் மூன்று வாரக் கணக்குதான் என்னைக் கவலைப்பட வைத்தது. இந்தத் தோல்நோய் பத்தியத்துக்கு அவ்வளவு சீக்கிரம் அடங்காது. முழுதாக அடங்கப் பல மாதங்கள், சிலருக்கு இரண்டு வருடம்கூட ஆகும். நடுவில் தானாகவே கூடும், குறையும். மூன்று வாரத்தில் குறைந்தது என்பது எதையும் நிரூபிக்காது. ஆனால் அப்படியே பத்தியத்தைத் தொடர்ந்தால் ரத்தத்தில் தேட வேண்டிய எதிர்ப்புப் புரதங்கள் மெல்ல இறங்கிவிடும். நோய் இருந்தும் ரிப்போர்ட் 'இல்லை' என்று வரலாம். அதனால்தான் மன்றாடிக் கேட்கிறேன்: பரிசோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தாதீர்கள். ஏற்கெனவே நிறுத்தியிருந்தால் எத்தனை நாளாயிற்று என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். சில வாரங்கள் திரும்பச் சாப்பிட்டுவிட்டுப் பரிசோதிக்க வேண்டிவரலாம். அதை மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

உறுதி செய்வது தோல் பயாப்சிதான், அதாவது தோலில் சிறு துண்டு எடுத்துப் பரிசோதிப்பது. புண்ணிலிருந்து எடுத்தால் போதும் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். ஐஜிஏ படிவைத் தேடும் துண்டைப் புண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் நல்ல தோலிலிருந்து எடுக்க வேண்டும். புண்ணுக்குள் அந்தப் படிவு சிதைந்து போயிருக்கும். அவருடைய முழங்கையிலும் மரத்துப்போகும் ஊசி போட்டு, அப்படித்தான் எடுத்தோம். தோலின் மேலடுக்குக்குக் கீழே மணி மணியாக ஐஜிஏ இருந்தது.

டாப்சோன் மாத்திரை தொடங்கிய மூன்றாம் நாள், விடியும்வரை தூங்கினேன் என்று போனில் சொன்னார். குரலே மாறியிருந்தது. ஆனால் இதைத் தாமாக வாங்கிப் போடக் கூடாது. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு ரத்தச் சிவப்பணுக்கள் வேகமாக உடையும். அதனால் அந்தப் பரிசோதனை முதலில், அப்புறம்தான் மாத்திரை. அதன்பிறகும் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். டாப்சோன் அரிப்பைத்தான் அடக்கும், குடலை ஆற்றாது. குடலுக்கு மருந்து பத்தியம் மட்டுமே, அதுவும் வாழ்நாள் முழுக்க. அப்படிப்பட்ட பத்தியத்தை ஒரு சந்தேகத்தை நம்பி ஒருவர் தலையில் ஏற்ற எனக்கு மனம் வராது.

இன்னொரு வேண்டுகோள். புதுக் கொப்புளம் எழும்பினால் சொறிவதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். எங்களிடம் வரும்போது பெரும்பாலும் அது உடைந்து போயிருக்கும்.